நல்லம்மாள் வீட்டு ஐந்தாம் பங்கு

சேசு மரி சூசை துணை

தெராத்தை தோட்டம், கெர்லிங்
10-2-1952

என் அருமை மத்தி அண்ணனுக்கு, உன் ஒரே தங்கையும் அந்தக் காரணத்தால் உன் தலைசிறந்த தங்கையுமான பியாட்ரிஸ் எழுதிக்கொள்வது.

நானும் அப்பாவும் சுகம். கோழிகளும் சுகம். தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி ஐயாவுக்கு மட்டும் சுகமில்லை. அவர் தொப்பிக்குள் பல்லி இருந்ததாம். அப்பா என்னைப் பார்த்தார். நான் பல்லியைப் பார்த்தேன்.

பெரிய செய்தி இதுதான்: நான் டீச்சர் ஆகிவிட்டேன்! சிரிக்காதே. சன்னாசி வாத்தியாருக்கு நெஞ்சு நோய் முற்றி, கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்காகப் போட்ட இந்தக் கம்பி வேலிக்குள் வந்து தங்க வேறு வாத்தியார் யாருக்கும் துணிச்சல் இல்லை. கான்வென்டில் ஏழு வரை படித்த ஆள் தோட்டத்திலேயே நான் ஒருத்திதான். பதினேழு வயதில் பிரம்பு கொடுத்திருக்கிறார்கள். அதால் முதுகு சொறிந்துகொள்கிறேன்.

நாலாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துகிறேன். பின்னம் என்றதும் எல்லாரும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். "ஒன்றில் எத்தனை கால் இருக்கிறது?" என்று கேட்டேன். "நாலு டீச்சர்" என்றான் ஒருவன். சபாஷ் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "அப்ப ஒன்னுங்கறது மாடா டீச்சர்?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்குப் பள்ளிக்கூடம் அதோடு சரி.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நீயே சொல். உடம்பைப் பார்த்துக்கொள். கோலசிலாங்கூர் மீனைத் தின்று தின்று உனக்குச் செதில் முளைத்தால் தெரியப்படுத்து.

இப்படிக்கு,
பியாட்ரிஸ் டீச்சர் (எழுந்து நின்று படிக்கவும்)

*

கோலசிலாங்கூர்
21-2-1952

அன்புத் தங்கை பியாவுக்கு, அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். அப்பாவின் முட்டி வலி இப்போது எப்படி?

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இந்தப் போலீஸ் ஆபீசில் சிரிப்பவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. மொழிபெயர்ப்புக் கிராணி வேலை என்றால் ஊரார் வருத்தத்தையெல்லாம் தமிழில் கேட்டு இங்கிலீஷில் எழுதுவது. போன ஞாயிறு கம்போங் குவாந்தானுக்குப் படகில் கூட்டிப்போனார்கள். மரம் முழுக்க மின்மினி. நீ பார்த்தால் எண்ணத் தொடங்கிவிடுவாய்.

பின்னத்தைப் பலகையில் போடாதே, வீட்டிலிருந்து எடு. இந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருப்பது அரிசிக் கார்டு. அதையே கணக்காக்கு. பசிக்கிற கணக்கைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதம் ஓரம் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டு வந்தது. இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு வரும் கடிதம் எல்லாமே அப்படித்தான். கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

மத்தியாஸ்

*

தெராத்தை தோட்டம்
9-3-1952

மாட்சிமை தங்கிய மொழிபெயர்ப்புக் கிராணி அண்ணனுக்கும், ஓரம் பிரித்து ஒட்டும் ஐயாவுக்கும் என் வணக்கம். இருவரும் சுகமா? ஐயா, பசை கொஞ்சம் அதிகம். அடுத்த முறை குறைத்துத் தடவவும்.

அண்ணே, உன் யோசனை தங்கம்! கார்டில் வாரத்துக்கு எத்தனை கட்டி அரிசி, வீட்டில் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு என்று வீட்டில் கேட்டுவந்து சிலேட்டில் போடச் சொன்னேன். முதலில் பின்னமாக, பிறகு தசமமாக. பதினாறு தாயில் நிறை ஒரு கட்டி என்று தொடங்கி, தாயில்லாப் பிள்ளைகளான நமக்கு இது எதற்கு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

தசமப் புள்ளி பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. "புள்ளி இடத்தில் இருந்தால் கோலம், இடம் மாறினால் அலங்கோலம்" என்றேன். இரண்டரைக் கட்டியில் புள்ளியை விழுங்கிவிட்டு ஒருவன் இருபத்தைந்து கட்டி வாங்கிக்கொண்டான். கிராணி ஐயா பார்த்திருந்தால் தொப்பியோடு விழுந்திருப்பார்.

இன்னொரு வேடிக்கை. ரப்பர் பால்மரம் வெட்டும் செல்லன், நல்லம்மாள் தம்பதியின் மகள் கங்கா. பத்து வயது, வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவர்கள் கார்டில் பத்துக் கட்டி, நாலு பேர். இரண்டரை வர வேண்டும். அந்தக் கள்ளி "இரண்டு" என்று எழுதியிருக்கிறாள்! அரையும் இல்லை, புள்ளியும் இல்லை, அழகாகத் தப்பித்துவிட்டாள். "ஏண்டி?" என்றால், "எங்கூட்டுல அஞ்சு தட்டு டீச்சர்" என்கிறாள்.

கார்டில் நாலு, தட்டில் அஞ்சு! நல்லம்மாள் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி யாரோ இருக்கிறார் போலிருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் எல்லாம் சிரித்து, கங்காவும் சிரித்துவிட்டாள். பிறகு சிலேட்டைத் துடைத்துவிட்டு விளையாடப் போனோம்.

அப்பா முட்டி சுகம். வேளைக்குச் சாப்பிடு.

உன் பின்னத் தங்கை,
பியா

*

கோலசிலாங்கூர்
14-3-1952

அன்பு பியாவுக்கு, சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. அந்தக் கங்கா வீட்டில் யார் யார்? அவளுக்கு அண்ணன் இருக்கிறானா? இருந்தால் இப்போது எங்கே? மறக்காமல் எழுது.

அப்பாவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். இரவில் சூடு பறக்கத் தேய்க்கச் சொல்.

மத்தியாஸ்

*

தெராத்தை தோட்டம்
20-3-1952

என் அவசர அண்ணனுக்கு, ஐந்தே நாளில் பதில் போட்ட உன் சுறுசுறுப்புக்கு முதலில் ஒரு கும்பிடு. உடம்பு சரியில்லையா? தைலம் வந்தது. அப்பா வாசம் லயத்து வீடுகள் வரைக்கும் போகிறது.

கங்காவுக்குக் கீழே ஒரு தம்பி. மேலே காளியண்ணன் என்று ஓர் அண்ணன். போன தீபாவளிக்கு முந்தி வேலை வாங்கும் மண்டோரோடு சண்டை போட்டு, அப்பன் கையால் அடி வாங்கி, அன்றைக்கே தோட்டத்தை விட்டுப் போய்விட்டான். எங்கே என்று யாருக்கும் தெரியாது. கார்டிலும் பெயரை அடித்துவிட்டார்கள். நீ ஏன் கேட்கிறாய்? வாத்தியார் வேலைக்கு எனக்குப் போட்டியாக வரப்போகிறாயா?

அடுத்த வாரம் தசமப் பெருக்கல். எனக்காக ஒரு ஜெபமாலை சொல்.

பியா

*

தெராத்தை தோட்டம்
6-4-1952

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் இருவரும் சுகம்.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர், துப்பாக்கியோடு ஒருவர், தமிழ் பேசும் ஒருவர். தேதி ஏப்ரல் ஒன்று. யாரோ என்னை ஏமாற்ற ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். எழுந்து நின்று சலாம் போட்டேன்.

தமிழ் பேசுகிறவர், "கார்டுல நாலு, தட்டுல அஞ்சு. அந்தப் புள்ள யாரு?" என்றார்.

என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். அன்றைக்கு அதை ஒரு கை முந்திக்கொண்டது. மூன்றாம் வரிசையில் கங்கா கையைத் தூக்கினாள். சரியான விடை தெரிந்தால் தூக்குவாளே, அப்படி, தோள் காதைத் தொட. "நாந்தான் டீச்சர்."

நல்லம்மாளை வெட்டுக்காட்டிலிருந்து அழைத்துவந்தார்கள். வாளியைக்கூட இறக்கவில்லை, பால் சிந்திக்கொண்டே வந்தாள். ஐந்தாவது தட்டு யாருக்கு என்று கேட்டார்கள். மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "எம்மவன் காளியண்ணனுக்கு. வேற யாருக்குங்க வைப்பேன்?" என்றாள். மகன் காட்டில் கம்யூனிஸ்ட்காரர்களோடு இருக்கிறான், இவள் வேலிக்கு வெளியே சோறு கடத்துகிறாள் என்று எழுதிக்கொண்டார்கள். லோரியில் ஏற்றும்போது, "அடுப்புல தண்ணி வச்சிருக்கேன், எறக்கிடு புள்ள" என்று கங்காவிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

அண்ணே, சிலேட்டை அன்றே துடைத்தாயிற்று. "கார்டுல நாலு, தட்டுல அஞ்சு" என்ற அந்த வார்த்தையை நான் ஒரே ஒரு தாளில்தான் எழுதினேன், உனக்கு.

உடனே பதில் போடு.

பியாட்ரிஸ்

*

கோலசிலாங்கூர்
18-5-1952

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

இங்கே நல்ல மழை. ஆறு கரை தட்டி ஓடுகிறது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா நன்றாகக் கவனித்துக்கொள்கிறார். என் மேசையை மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். சம்பளமும் கொஞ்சம் கூடும். உனக்கு ஒரு கவுன் துணி வாங்கி வைத்திருக்கிறேன், நீல நிறம்.

நீ கேட்டதைப் பற்றி விசாரிக்கிறேன். இனிமேல் தோட்டத்து விஷயம் எதுவும் கடிதத்தில் வேண்டாம்.

அப்பாவின் முட்டி எப்படி?

மத்தியாஸ்

*

தெராத்தை தோட்டம்
25-5-1952

மத்தி அண்ணனுக்கு, அப்பா முட்டி சுகம். துணி வேண்டாம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ஆறு வாரமும் மாடி மேசையும்தான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் இப்போது அதைப் பேச நேரமில்லை. உன்னால் ஆகவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது.

மார்ச் மாதக் கடிதத்தில் ஒரு வரியை நான் எழுதாமல் விட்டேன். ஐந்தாவது தட்டு யாருடையது என்று கங்காவிடம் நான் அன்றே கேட்டேன். அவள் சொன்னது இது: "அண்ணன் வந்தா பசிக்கும்னு அம்மா ராத்திரி சோறு போட்டு மூடி வைக்கும் டீச்சர். காலைல அதுல தண்ணி ஊத்தி நானும் தம்பியும் குடிச்சுட்டு வந்துருவோம்."

அந்தச் சோறு வேலியைத் தாண்டவே இல்லை, அண்ணே. என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த வயிற்றுக்குள் இருந்தது. அதைக் கடிதத்தில் எழுதினால் சிரிப்பு கெட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி என்றால்தான் நீ சிரிப்பாய். அதனால் விட்டுவிட்டேன்.

இதை மேலே இருக்கிறவர்களிடம் இங்கிலீஷில் எழுதிக் கொடு. நான் வந்து சாட்சி சொல்கிறேன். அப்பா தடுத்தாலும் வருவேன்.

கங்காதான் இப்போது சமைக்கிறாள். கார்டில் மூன்று பேர். நேற்று தசமக் கணக்கு ஒன்றைப் போடச் சொன்னேன். சிலேட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பக்கத்தில் போய்க் கேட்டேன். "வேணாம் டீச்சர். நான் தப்பாப் போட்டா யாரையாச்சும் புடிச்சுட்டுப் போயிருவாங்க" என்றாள். அவளைப் பார்த்து மற்ற வரிசைக்காரர்களும் சிலேட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். இருபத்திரண்டு சிலேட்டு.

சீக்கிரம் எழுது.

பியாட்ரிஸ்

*

கோலசிலாங்கூர்
3-8-1952

பியா, நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

பத்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

ஐந்தாவது தட்டைப் பற்றி மேலதிகாரியிடம் நான்தான் சொன்னேன். உன் கடிதம் ஓரம் பிரித்து ஒட்டப்பட்டு என் கைக்கு வந்தது. யார் படித்தார், எதுவரை படித்தார் என்று தெரியவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்கள் என்று உன்னையும் அப்பாவையும் கூட்டிப்போயிருந்தால்? நானே முந்திச் சொல்லிவிட்டால் உன் பெயர் வராது என்று நினைத்தேன். உன் பெயர் வரவில்லை. அந்த ஒன்று மட்டும் நடந்தது.

ஜூன் மாதம்தான் இன்னொன்று தெரிந்தது. தமிழ்க் கடிதம் பார்க்கும் ஆள் அந்த வாரம் லீவில் போயிருந்தாராம். பிரித்தார்கள், ஒட்டினார்கள், அவ்வளவுதான். உன் கடிதத்தை என்னைத் தவிர யாரும் படிக்கவில்லை.

நீ விட்ட வரியை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை. "பத்து வயதுப் பிள்ளை என்ன வேண்டுமானாலும் சொல்லும்" என்றார் மேலதிகாரி. அந்தப் பிள்ளை சொன்னதை வைத்துத்தானே பிடித்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். படியிறங்கி வந்துவிட்டேன்.

நல்லம்மாளை இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவு வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் கப்பல். செல்லனும் பிள்ளைகளும் விரும்பினால் கூடப் போகலாம்.

மாடி மேசை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மத்தி

*

தெராத்தை தோட்டம்
31-8-1952

அண்ணனுக்கு, அப்பா சுகம். உன்னைக் கேட்கிறார். கிறிஸ்துமஸுக்கு நீ வருவாய் என்று அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

உன்னைத் திட்டி நாலு தாள் எழுதினேன். படித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பாதித் திட்டு எனக்குச் சேர வேண்டியதாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

செல்லன் குடும்பம் புதன்கிழமை போய்விட்டது. செல்லன் இங்கேயே பிறந்தவர். கப்பலையே பார்த்ததில்லை. துறையூர்ப் பக்கம் அவருடைய பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறாராம். அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கிள்ளான் துறைமுகத்தில்தான் நல்லம்மாளைக் கண்ணில் காட்டுவார்களாம்.

லோரி ஏறுமுன் கங்கா பள்ளிச் சர்டிபிகேட் வாங்க வந்தாள். "கணக்கில் மிகத் திறமை" என்று எழுதி முத்திரை குத்தினேன். அந்த விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். "அண்ணன் வந்தா குடுத்துருங்க டீச்சர். இங்க எங்களுக்கு வேற யாரு இருக்கா?" என்றாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவளை நிற்க வைத்தேன். அவள் நின்றாள். "கடல்ல வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வச்சுக்க" என்று சொல்லி அனுப்பினேன்.

சன்னாசி வாத்தியார் இறந்துவிட்டாராம். பள்ளிக்கூடம் இனி எனக்கே என்கிறார் கிராணி ஐயா. திங்கட்கிழமை பின்னத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பியாட்ரிஸ்

*

தெராத்தை தோட்டம், கெர்லிங்
16-11-1952

தாயாரம்மா நல்லம்மாள் அவர்களுக்கு மகன் காளியண்ணன் காலில் விழுந்து எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். நீங்களும் அப்பாவும் தங்கச்சியும் தம்பியும் அங்கே சுகமா? கடல் கடந்த உடம்புக்கு அந்தத் தண்ணி ஒத்துக்கொள்கிறதா?

அம்மா, நான் காட்டுக்குப் போகவில்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். எழுதத் தெரியாது. தெரிந்தவனிடம் சொல்லி எழுதவும் ரோசம் விடவில்லை. அப்பா கைநீட்டிய கோபம் ஆறட்டும், நாலு பேர் மதிக்கிற மாதிரி திரும்பி வரலாம் என்று இருந்தேன். உங்களுக்கு ஒரு சேலையும் கங்காவுக்கு வளையலும் வாங்கிக்கொண்டு வந்தேன். நம் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். என்னையும் பிடித்து நாலு நாள் வைத்திருந்து, துறைமுகச் சீட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். "அப்ப எங்கம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றேன். அது முடிந்துபோன விஷயம் என்றார்கள்.

அம்மா, யார் காட்டிக்கொடுத்தது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். லயத்தில் எல்லாரையும் கேட்டுவிட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் யாராயிருந்தாலும் அவன் வீட்டு அடுப்பு அணைந்துபோக வேண்டும். அவன் வாயில் போடும் சோறு மண்ணாகப் போக வேண்டும்.

கப்பலுக்குச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு உங்கள் மகன்,
காளியண்ணன் (கைநாட்டு)

இக்கடிதத்தை எழுதிக்கொடுத்த பள்ளிக்கூடத்து பியாட்ரிஸ் உங்கள் எல்லோருக்கும் சொல்வது:

கங்கா, இதை அம்மாவுக்கு நீதான் படித்துக் காட்டுவாய். அவசரப்படாமல் படி. உன் அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட விடாமல் எழுதியிருக்கிறேன். மண்ணாகப் போகட்டும் என்றதையும்.

அவன் தேடுகிற ஆள் நான். உன் வீட்டுக் கணக்கை வேடிக்கையாக ஒரு கடிதத்தில் எழுதினேன். காலையில் அந்தச் சோற்றை நீங்கள்தான் குடிப்பீர்கள் என்று நீ சொன்னதை மட்டும் எழுதவில்லை. நீ போட்ட கணக்கு சரி. உன் வீட்டில் ஐந்து பேர். தப்பு உன்னுடையது இல்லை, எந்த நாளும் இல்லை. யார் கேட்டாலும் சிலேட்டைக் கவிழ்க்காதே.

உன் அண்ணன் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். தான் சொல்லி முடித்த பிறகும் டீச்சர் என்ன எழுதுகிறாள் என்று என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதையும் அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன்.